மஞ்சள் பெட்டிக்குள் ஒரு கோலியாட்டம்

போன சனிக்கிழமை பேத்தி வந்தாள். மகள் வயிற்றுப் பேத்தி, நான்காம் படிவம். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறதாம். வந்ததும் வராததுமாக அஞ்சடியில் பாயை விரித்து, இயற்பியல் புத்தகத்தைத் தொப்பென்று போட்டாள்.

"தாத்தா, ரோட்டு வேலையில நீங்க ஏதோ ரேடியேஷன் மிஷின் வச்சிருந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்போ இந்தக் கெஅபாடியான் மொமெந்தும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

பள்ளியில் மலாயில் படிக்கிறாள். தமிழில் இதற்கு உந்தம் என்று பெயர், நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது, மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்தக் கணக்கு மாறாது என்றேன்.

"அது புக்குலயே இருக்கு தாத்தா. இத வச்சு என்ன செய்யறது?"

நியாயமான கேள்விதான். அதை வைத்து நான் இருபத்தாறு வருஷம் சோறு தின்றிருக்கிறேன். முதல் சில வருஷம், அதை வைத்துத்தான் தின்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

எனக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். ஈப்போவிலிருந்து பழைய ரோட்டில் கோலகங்சார் போகும் வழியில் வரும் ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா, அதாவது ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். நான் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சையைத் தட்டுத் தடுமாறித் தாண்டி, மண் பரிசோதனை செய்யும் ஒரு கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். ரோடு போடுகிறவர்கள் மண்ணைக் கொட்டி உருளை ஓட்டி அழுத்துவார்கள். போதிய அளவு அழுந்திவிட்டதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. குழி தோண்டி, தோண்டிய மண்ணை நிறுத்து, அந்தக் குழியில் மணலை ஊற்றிக் கொள்ளளவு பார்த்து, மண்ணை அடுப்பில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து ஈரம் எவ்வளவு என்று கணக்கிடுவோம். முடிவு தெரிய மறுநாள் ஆகும். அதற்குள் மேலே இன்னும் இரண்டு அடுக்கு மண் ஏறியிருக்கும்.

அப்புறம்தான் அந்த மஞ்சள் பெட்டி வந்தது. பதின்மூன்று, பதினான்கு கிலோ இருக்கும். மேலே கைப்பிடியோடு ஒரு கம்பி. தரையில் வைத்து, கம்பியை மண்ணுக்குள் இறக்கி, பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிஷத்தில் அடர்த்தியும் ஈரமும் எண்ணாக வந்து நிற்கும். பெட்டியின் மேல் மூன்று இதழ்க் கதிர்வீச்சுச் சின்னம். அதைப் பார்த்துவிட்டு லோரி டிரைவர் என் பக்கத்தில் உட்கார மாட்டார். "உனக்குப் புள்ள பொறக்காதுடா தம்பி" என்று பரிதாபப்படுவார். எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் சவுக்கியம் விசாரித்தபடியே போய்ச் சேர்ந்தார், நல்ல மனுஷன்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு சரக்கு. ஒன்று சீசியம். அது காமா கதிரை விடும், மண் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு குறைவாக மறுபக்கம் வந்து சேரும். இதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. இன்னொன்று அமெரிசியமும் பெரிலியமும் கலந்த ஒரு சின்ன உருண்டை, விரல் நுனி அளவுகூட இருக்காது. அமெரிசியம் ஆல்பா துகளை வீசும். அது பெரிலியத்தில் போய் மோதும். பெரிலியம் கார்பனாக மாறி, ஒரு நியூட்ரானைத் துப்பும். அந்த நியூட்ரான் வினாடிக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அது மண்ணுக்குள் போய்த் தண்ணீரைக் கண்டுபிடித்துக்கொண்டு வரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் ஏதோ வேட்டைநாய் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, பேத்தி கதைக்கு வருகிறேன். உள்ளே போய் பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தேன். அதில் பதினேழு கண்ணாடிக் கோலியும் ஓர் இரும்புக் கோலியும் இருக்கின்றன. இரும்புக் கோலி என்பது கோலியே இல்லை, தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் சக்கரத்திலிருந்து கழற்றிப் போட்ட பேரிங் குண்டு. அந்தக் காலத்தில் அது வைத்திருக்கிற பையன்தான் லயத்தில் ராஜா. அவனை ஆட்டத்தில் சேர்க்கலாமா கூடாதா என்று தினமும் சண்டை நடக்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு எனக்கு அது கிடைத்த கதையை இங்கே சொல்ல வேண்டாம்.

முதலில் கண்ணாடிக்குக் கண்ணாடி. நடுவிரலை வளைத்து, நேராகத் தெறித்தேன். அறுபத்து மூன்று வயதிலும் குறி தப்பவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். என் கோலி மோதிய இடத்திலேயே நின்றது. அடிபட்டது மட்டும் அதே வேகத்தில் வாசல் பக்கம் ஓடியது.

"ஐயோ, அப்படியே நின்னுடுச்சு!" என்றாள்.

தரையில் உருட்டி விட்டால் இப்படி நிற்காது. சுழற்சி மிச்சம் இருப்பதால் கொஞ்சம் முன்னால் ஊரும். காற்றில் தெறித்து நேருக்கு நேர் அடித்தால்தான் சுத்தமாக நிற்கும். லயத்துப் பையன்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். யாருக்கும் உந்தம் என்ற சொல் தெரியாது.

அடுத்து, கண்ணாடியால் இரும்பை அடித்தேன். ஒரே பருமன்தான், ஆனால் இரும்புக் குண்டு கண்ணாடியைப் போல மூன்று மடங்கு கனம். கண்ணாடி திரும்பி என் பக்கமே வந்தது. பிறகு இரும்பால் கண்ணாடியை அடித்தேன். கண்ணாடி பறந்துவிட்டது, இரும்பும் நிற்காமல் பின்னாலேயே போனது. கடைசியாக, ஒரு கண்ணாடிக் கோலியைச் சிமெண்டுத் திண்ணையில் அடித்தேன். போன வேகத்தில் அப்படியே திரும்பி வந்தது. திண்ணைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அவளை நோட்டை எடுக்கச் சொன்னேன். உந்தமும் மாறக்கூடாது, ஆற்றலும் மாறக்கூடாது என்று இரண்டு சமன்பாடு எழுதினால் போதும். நேருக்கு நேர் மோதலில் அடிக்கிறவன் ஆற்றலில் எத்தனை பங்கு கைமாறும் என்று வந்துவிடும். நியூட்ரானின் நிறையை ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். எதிரில் இருப்பது ஹைட்ரஜன் என்றால் அதுவும் ஒன்று, ஆக மொத்த ஆற்றலும் கைமாறும். கார்பன் என்றால் பன்னிரண்டு, அதிகபட்சம் 28 விழுக்காடு. ஈயம் என்றால் 207. அவள் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுத் திரும்பவும் ஒருமுறை தட்டினாள்.

"ரெண்டு விழுக்காடுகூட இல்ல தாத்தா."

இந்த இரண்டு விழுக்காட்டில்தான் நான் ஒருகாலத்தில் விழுந்தேன். கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சிக்கு என்னைக் கோலாலம்பூருக்குத் தெற்கே இருக்கும் பாங்கி என்ற ஊருக்கு அனுப்பினார்கள். 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டப்படி, இந்த மாதிரிப் பெட்டியை வைத்திருக்க உரிமம் வேண்டும், தொடுகிறவனுக்குப் பயிற்சி வேண்டும், சட்டையில், மேலே பட்ட கதிர்வீச்சை அளக்கும் பிலிம் பேட்ஜ் வேண்டும் என்பது அப்போதைய விதி. அங்கே ஒரு செய்முறை காட்டினார்கள். நியூட்ரான் மூலத்துக்கும் அளவுகருவிக்கும் நடுவில் ஈயக்கட்டியை வைத்தார் பயிற்சியாளர். முள் பெரிதாக அசையவில்லை. ஈயத்தை எடுத்துவிட்டு, வெள்ளை மெழுகுக் கட்டியை வைத்தார். முள் சரிந்து விழுந்தது. எனக்கு ஏதோ மோசடி மாதிரி இருந்தது. ஈயம்தானே எல்லாவற்றையும் தடுக்கும்? மெழுகு, சாமி படத்துக்கு முன்னால் ஏற்றுகிற சமாச்சாரம்.

இப்போது கோலியை வைத்துப் பார்த்தால் புரிகிறது. ஈயம் என்பது திண்ணை. நியூட்ரான் அதில் மோதித் திசை மாறுமே தவிர வேகம் பெரிதாகக் குறையாது. மெழுகு முழுக்க ஹைட்ரஜன், அதாவது தன் நிறைக்குச் சமமான கோலிகள். எல்லா மோதலும் நேருக்கு நேர் இருக்காது, பக்கவாட்டில் உரசியும் போகும். அதனால் ஒரு மோதலுக்குச் சராசரியாகப் பாதி ஆற்றல் போகும். என் பெட்டியிலிருந்து கிளம்புகிற நியூட்ரான் ஹைட்ரஜனுக்குள் ஓடினால் பத்தொன்பது மோதலில் அடங்கிவிடும், சுற்றியுள்ள அணுக்கள் சூட்டில் ஆடுகிற வேகத்துக்கு, வினாடிக்கு 2,200 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். கார்பனில் நூற்றிருபது மோதல் தேவை. ஈயத்தில் இரண்டாயிரத்துக்குக் கிட்ட.

மெழுகுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நியூட்ரான் என்ற ஒன்று இருப்பதையே உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது மெழுகுதான். பேத்திக்கு இந்தக் கதை பிடித்தது, ஏனென்றால் இதில் அவளே கணக்குப் போடலாம்.

பெரிலியத்தின் மேல் ஆல்பா துகளை அடித்தால் ஏதோ ஒரு கதிர் வருகிறது என்று 1930இலேயே ஜெர்மனியில் கண்டிருந்தார்கள். 1932 தொடக்கத்தில் பாரிஸில் ஐரீன் கியூரியும் அவர் கணவர் பிரெதெரிக் ஜோலியோவும் அந்தக் கதிருக்கு முன்னால் மெழுகை வைத்தார்கள். மெழுகிலிருந்து புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் கருக்கள், பிய்த்துக்கொண்டு வந்தன. அது காமா கதிராகத்தான் இருக்கும் என்றார்கள். காமாவுக்கு நிறை கிடையாது. நிறை இல்லாத ஒன்று புரோட்டானை அந்த வேகத்தில் தள்ள வேண்டுமென்றால், அதனிடம் ஏறக்குறைய 50 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்க வேண்டும். பெரிலியத்திடம் அவ்வளவு கிடையாது. கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் நைட்ரஜனையும் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் இன்னும் கோணலானது. நைட்ரஜன் துள்ளுகிற துள்ளலுக்குக் காமாவிடம் 90 மில்லியன் தேவைப்பட்டது. ஒரே கதிர், ஆளுக்கு ஒரு விலை. இது பசார் வியாபாரமா என்ன?

"இருட்டுல ஒரு பையன் கோலி அடிக்கிறான்னு வச்சுக்கம்மா. அவன் கோலி உன் கண்ணுக்குத் தெரியல. அடிபட்ட கோலிங்க ஓடறது மட்டும்தான் தெரியுது. ஒண்ணு லேசு, ஒண்ணு கனம். ரெண்டும் ஓடுற வேகத்த வச்சு அவன் கோலி எவ்வளவு கனம்னு சொல்லு பாப்போம்."

அடிபட்ட புரோட்டானின் உச்ச வேகம் வினாடிக்கு 33,000 கிலோமீட்டர். நைட்ரஜனுடையது 4,700. விகிதம் 7.02. நேருக்கு நேர் மோதலில், அடிக்கிறதின் நிறையையும் அடிபடுகிறதின் நிறையையும் கூட்டி, அந்தத் தொகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு குறைவாக இருக்கும் அடிபட்டதின் வேகம். அப்படியென்றால், தெரியாத நிறையோடு நைட்ரஜனின் 14ஐக் கூட்டி, அதே நிறையோடு புரோட்டானின் ஒன்றைக் கூட்டி, வகுத்தால் 7.02 வர வேண்டும். பேத்தி அரைப் பக்கத்தில் முடித்துவிட்டாள். 1.16 வந்தது. சாட்விக் எழுதியது 1.15. புரோட்டான் அளவே நிறையுள்ள, மின்னூட்டம் இல்லாத ஒரு துகள். இன்றைய துல்லியமான அளவீட்டில் நியூட்ரான் புரோட்டானைவிட வெறும் 0.14 விழுக்காடுதான் கனம். மூன்று வருஷம் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. "எனக்கு இல்லையா?" என்றாள். ரொட்டி சானாய் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்னச் சிலிர்ப்பு. சாட்விக் மேசையில் இருந்ததும் ஆல்பா, பெரிலியம், எதிரில் ஹைட்ரஜன். தாப்பா பக்கம் செம்மண்ணில் குந்தி உட்கார்ந்து நான் வைத்த பெட்டியிலும் அதேதான். அவருக்குப் பொலோனியம், எனக்கு அமெரிசியம். தினமும் காலையில் பெட்டியை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கட்டியின் மேல் வைத்துச் சரிபார்ப்பேன். எதற்குப் பிளாஸ்டிக் என்று நான் கேட்டதே இல்லை. அதுவும் மெழுகின் உறவுக்காரன்தான், ஹைட்ரஜன் நிறைந்தது.

கேட்காமல் விட்டதற்குத் தண்டனை கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், வடக்கு தெற்கு ஹைவே வேலை மும்முரமாக நடந்த காலம். 1994 செப்டம்பரில் முழு ஹைவேயையும் திறந்தார்கள் என்றால், அதற்கு முன் எங்களை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கரையில் புது அடுக்கு மண் போட்டிருந்தார்கள். பெட்டியை வைத்தேன். ஈரத்தோடு அடர்த்தி கனமீட்டருக்கு 2,000 கிலோ, அதில் தண்ணீர் 350 என்று காட்டியது. கழித்தால் உலர்ந்த மண் 1,650. அந்த மண்ணை ஆய்வகத்தில் உச்சமாக 1,780 வரை இறுக்கலாம். அதில் 95 விழுக்காடு எட்ட வேண்டும். எனக்கு வந்தது 93கூட இல்லை. தோல்வி என்று எழுதினேன்.

உருளையை இன்னும் ஓட்டினார்கள். எண் அசையவில்லை. மறுபடி ஓட்டினார்கள். உருளை ஓட்டுகிற அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மண்ணைக் கிளறி வெயிலில் காயப்போட்டார்கள், அதற்குள் மதிய மழை வந்து கொட்டியது. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் யாரோ முதல் நாள் எடுத்து வைத்திருந்த மண்ணைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்துப் பார்த்தார்கள். அந்த அடுப்புச் சோதனையின்படி முதல் நாள் மண்ணிலேயே ஈரம், உலர்ந்த மண்ணின் எடையில் 17 விழுக்காடுதான். கணக்குப் போட்டால் உலர் அடர்த்தி 1,709. அதாவது 96 விழுக்காடு. மண் முதல் நாளே தேறிவிட்டிருந்தது.

பெட்டி பொய் சொல்லவில்லை. அதற்குத் தண்ணீர் என்றால் என்னவென்றே தெரியாது, ஹைட்ரஜனை மட்டும்தான் தெரியும். ஹைட்ரஜனில் மோதி அடங்கித் திரும்புகிற நியூட்ரான்களை எண்ணி, அதைத் தண்ணீர் என்று காட்டும். அந்த அடுக்குக்கு மண் வேறு குன்றிலிருந்து வந்திருந்தது, பழைய கித்தாக் காடு. வேர்த்தூளும் மக்கிய சருகும் கலந்தது ஒரு பக்கம். அதைவிட, அந்த வட்டாரத்து வெள்ளைக் களிமண், கயோலின். பீடோர், தாப்பா பக்கமெல்லாம் அதைத் தோண்டி எடுக்கிறார்கள். கயோலின் தன் படிகத்துக்குள்ளேயே ஹைட்ரஜனைப் பூட்டி வைத்திருக்கும். எங்கள் அடுப்பின் நூற்றுச் சொச்சம் டிகிரி சூட்டுக்கு அது வெளியே வராது, ஐந்நூறுக்குப் பக்கம் போக வேண்டும். கையால் தொட்டால் ஈரம் கிடையாது. நியூட்ரானுக்கோ, அது ஒரு கோலி, அவ்வளவுதான். மோதிச் சமர்த்தாக நின்று திரும்பி வந்தது. நான் அதைத் தண்ணீர்க் கணக்கில் எழுதினேன். புது மண் வந்தால் பெட்டியில் திருத்த எண்ணை மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது. நான் மாற்றவில்லை. திட்டு வாங்கினேன், வாங்க வேண்டியதுதான்.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். படித்தபோது ஒன்று கணக்குப் போட்டுச் சிரித்தேன். கித்தாவின் எடையில் ஹைட்ரஜன் 11.8 விழுக்காடு. தண்ணீரில் 11.2. அம்மா வெட்டிய பால், உறையவைத்து, உருட்டி, புகைக்கூடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து வந்த ஷீட்டை அடுக்கி, அதன்மேல் என் பெட்டியை வைத்திருந்தால், குளத்தில் விழுந்துவிட்டதாக நினைத்திருக்கும். வைத்துப் பார்க்க ஆசை இருந்தது. வேலை இடத்தை விட்டு வெளியே பெட்டியைக் கொண்டுபோகச் சட்டம் விடாது.

பேத்தி தே ஓவைக் குடித்துவிட்டு, கோலிகளைப் பொறுக்கியபடி கேட்டாள்:

"எல்லாத்தையும் குடுத்துட்டு நின்ன நியூட்ரான் என்ன ஆகும் தாத்தா? அத எப்படி எண்ணுவீங்க? அதுகிட்டதான் ஒண்ணுமே இல்லையே."

இந்தக் கேள்வியை என் பயிற்சி வகுப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை, நான் உட்பட. பெட்டியின் அடியில் ஹீலியம் 3 என்ற வாயு நிரப்பிய குழாய்கள் இருக்கும். வேகமான நியூட்ரான் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும். அடங்கி வந்ததை ஹீலியம் சட்டென்று விழுங்கும். விழுங்கியதும் உடையும், புரோட்டான் ஒன்று, டிரிட்டான் ஒன்று. டிரிட்டான் என்பது புரோட்டானைப் போல மூன்று மடங்கு கனமான ஹைட்ரஜன் கரு. உடையும்போது மொத்தம் 764 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் வெளியே வரும், அந்த அதிர்வைத்தான் பெட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணும்.

"மொத்த உந்தம் முன்னாடி கிட்டத்தட்டப் பூஜ்யம். அப்போ ஒடைஞ்ச பிறகு?"

"பூஜ்யம்தான். ரெண்டும் எதிர் எதிரா ஓடணும். தாத்தா, இது லெத்துப்பான் கணக்கு! துப்பாக்கி சுட்டா பின்னால தள்ளுமே, அது." நோட்டைப் புரட்டினாள். "ஒண்ணுக்கு மூணு. லேசானதுக்கு மூணு மடங்கு வேகம். ஆற்றல்ல முக்கால் பங்கு அதுக்கு, கால் பங்கு கனமானதுக்கு."

764ஐ நான்காக வகுத்தாள். 191, 573. சரியான விடை, புத்தகத்தில் போட்டிருக்கிற அதே எண்கள்.

"ஒண்ணுக்கு மூணு," என்று திரும்பவும் சொன்னாள். "கண்ணாடிக் கோலி, இரும்புக் கோலி."

இருட்டுவதற்குள் மகள் மோட்டாரில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனாள். பாயைச் சுருட்டி, கோலிகளை எண்ணி டின்னில் போட்டேன். கண்ணாடி பதினேழும் இருந்தது. இரும்புக் குண்டைக் காணோம், பென்சில் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பரீட்சை முடிந்ததும் கேட்டு வாங்க வேண்டும்.